பருந்துக்குத் தப்பிய குஞ்சுகள்

கொல்லைப்புறத்தில் பருந்தின் நிழல் விழுந்தால் போதும், வீடே அமளிப்படுகிறது. தாய்க் கோழி ஒரு குரல் கொடுக்கிறது. குஞ்சுகள் ஓடி வந்து இறக்கைக்குள் ஒளிகின்றன. அடுப்பங்கரையிலிருந்து பாட்டி கையில் கரண்டியுடன் வெளியே வருகிறாள். பையன்கள் கல்லைத் தேடுகிறார்கள். அப்படியும் பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அந்தப் பேச்சு ஓய இரண்டு நாள் ஆகும்.

அதே தாய்க் கோழி பொரித்த பன்னிரண்டு குஞ்சுகளில் ஐந்தாறு குஞ்சுகள் பருந்து, காகம், கீரிப்பிள்ளை, பூனை எல்லாவற்றுக்கும் தப்பி வளர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒருநாள் அவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு மூலையில் நிற்கும். பின்புறம் நனைந்து ஒட்டியிருக்கும். மறுநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் விறைத்துக் கிடக்கும். அப்போது வீட்டில் அமளி ஒன்றும் இல்லை. "கழிச்சல் கண்டுவிட்டது" என்று சொல்லி, காலைப் பிடித்துத் தூக்கிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பருந்து பாவம்! அது கொண்டுபோவது ஒன்றோ இரண்டோ. மீதியைக் கொண்டுபோவது குஞ்சின் வயிறு.

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2019-ம் வருஷம் எடுத்த கால்நடைக் கணக்கின்படி நம் தேசத்தில் பண்ணைகளில் அல்லாமல் வீட்டுக் கொல்லைகளில் மட்டும் வளர்ந்த கோழி இனங்கள் சுமார் 31 கோடியே 70 லட்சம். அதற்கு முந்தைய 2012-ம் வருஷக் கணக்கைவிட இது ஏறக்குறைய 46 சதவிகிதம் அதிகம். பெரிய பண்ணைகள் பெருகிவிட்ட காலத்திலும் கொல்லைக் கோழி ஒழிந்துவிடவில்லை, பெருகித்தான் இருக்கிறது. அதை வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சம்சாரத்தின் வரவு செலவுக் கணக்கில் சேராத, அவர்கள் கையோடு இருக்கும் சிறுவாட்டுப் பணம் அதிலிருந்து வருகிறது. பிள்ளையின் பரீட்சைக் கட்டணமும், திடீரென்று வந்து நிற்கும் சம்பந்தி வீட்டாருக்கு ஒரு குழம்பும், ஆடி மாதம் அம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட சேவலும் அந்தப் பஞ்சாரத்துக்குள்ளிருந்துதான் வருகின்றன. ஆறு குஞ்சு செத்தால் ஆறு குஞ்சு மட்டுமா செத்தது?

வயிற்றுக்குள்ளே ஒரு திருகை

பல்லில்லாத பிராணி கோழி. ஆகையால் மெல்லும் வேலையை அதன் வயிறே செய்துகொள்கிறது. கொத்திய தீனி முதலில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் போய்த் தங்கி ஊறுகிறது. பிறகு ஜீரண நீர் சுரக்கும் சிறிய இரைப்பை. அதை அடுத்து, தடித்த சதைச் சுவருள்ள அரைவைப் பை. கோழி விழுங்கிய மணலும் பொடிக்கல்லும் அந்தப் பையில் கிடந்து திருகைக் கல்லைப்போல் தானியத்தை அரைக்கின்றன. அதன் பிறகு சிறுகுடல். சிறுகுடல் முடியும் இடத்தில் இரண்டு முட்டுக் குடல்கள், ஒரு வழி மட்டும் உள்ள சந்துகளைப்போல் பிரிகின்றன. இந்த முட்டுக் குடல்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இரத்தக் கழிச்சலைப் பற்றிப் பேசும்போது அங்கேதான் திரும்ப வரவேண்டும்.

முட்டையை உடைத்து வெளிவந்த குஞ்சுக்கு உடனே பசிப்பதில்லை. பொரிவதற்குச் சற்று முன்னால் அது மீதமிருந்த மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளைக்கு அது கட்டுச்சோறு. இந்தக் கட்டுச்சோற்றை நம்பித்தான் அமெரிக்காவில் 1918-ம் வருஷம் முதல் ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் வைத்துத் தபாலில் அனுப்ப அனுமதி கொடுத்தார்கள். ஆனால் தாங்கும் என்பதற்காகக் காயப்போட வேண்டியதில்லை. தண்ணீரும் தீனியும் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ, அவ்வளவு சீக்கிரம் குடல் முதிர்ச்சி அடைகிறது. குஞ்சுப் பண்ணைக்காரர்கள் ஒரு சோதனை செய்வார்கள். குஞ்சு வந்து 24 மணி நேரம் ஆனதும் ஒரு சிலவற்றைக் கையிலெடுத்துத் தீனிப்பையை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குஞ்சுகளின் பை நிறைந்து மெத்தென்று இருக்கவேண்டும். கெட்டியாக இருந்தால் தீனி கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை என்று அர்த்தம். நம் வீட்டில் பத்துக் குஞ்சு இருந்தாலும் இதே சோதனையைச் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

இனி, எச்சம். கோழி வளர்ப்பவர் முகத்தைச் சுளிக்காமல் பார்க்கக் கற்றுக்கொள்ளவேண்டிய விஷயம் அது. பறவைக்குச் சிறுநீர் தனியாகப் போவதில்லை. எச்சத்தின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவினாற்போல் இருப்பது அதுதான். அதைப் பார்த்து வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டதாகப் பயப்பட வேண்டியதில்லை. பல தடவைக்கு ஒரு தடவை பழுப்பு நிறத்தில், பிசினைப்போல், மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நாற்றத்துடன் ஒன்று வரும். அது முட்டுக் குடலிலிருந்து வருவது, அதுவும் இயல்பானதே. நீராகப் போவது, பச்சையாகப் போவது, நுரைத்துப் போவது, இரத்தம் கலந்து போவது ஆகிய நான்கையும் கண்டால்தான் கவலைப்படவேண்டும். அத்துடன் குஞ்சின் நடையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எச்சம் கெட்டிருந்தும் குஞ்சு ஓடியாடிக் கொத்தினால் ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம். இறகைச் சிலிர்த்து நின்றுவிட்டால் பொறுக்கக் கூடாது.

ஒரு பெயர், இரண்டு வியாதி

நம் நாட்டில் "வெள்ளைக் கழிச்சல்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வியாதிகள் உலவுகின்றன. இந்தப் பெயர்க் குழப்பம் எத்தனையோ குஞ்சுகளின் உயிரை வாங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒன்று, ராணிக்கெட் நோய். இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் 1920-களின் பிற்பகுதியில் கண்டதால் அந்த அழகான மலைவாசஸ்தலத்துக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏறக்குறைய அதே காலத்தில், 1926-ல், ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் அது தலைகாட்டியது. மேல்நாட்டார் இன்றைக்கும் அதை நியூகாசில் வியாதி என்றே அழைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வைரஸ் கிருமியால் வருவது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்துக் கிடப்பவற்றுக்குக் கழுத்துத் திருகிக்கொள்ளும், காலும் இறக்கையும் விழுந்துவிடும். தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறைக்கூட வாரிக்கொண்டு போய்விடும். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. உலகத்தில் எங்கும் கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கழிச்சல் கண்ட அன்றைக்கு மருந்து தேடிச் செலவழிக்கும் பணத்தில், ஒரு சிறு பகுதிகூட வருமுன் காக்க ஆகாது.

மற்றது, பாக்டீரியாவால் வரும் வெண்கழிச்சல். பொரித்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் குஞ்சுகளைத் தாக்கும். வெள்ளைச் சாந்துபோல் கழிந்து பின்புறத்தில் அப்பிக்கொள்ளும். எச்சம் போகும்போதெல்லாம் குஞ்சு கீச்சென்று கத்தும். அமெரிக்காவில் ரெட்கர் என்ற விஞ்ஞானி 1899-ல் இதன் கிருமியைக் கண்டுபிடித்தார். 'சால்மொனெல்லா' குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் விபரீதம் என்னவென்றால், வியாதி வெளியிலிருந்து வருவதில்லை. தாய்க் கோழியின் முட்டைக்குள்ளேயே இருந்து குஞ்சுடன் பிறக்கிறது. குஞ்சுப் பருவத்தில் இந்த வியாதி கண்டு தப்பிப் பிழைத்த பெட்டை, பார்வைக்குக் கொழுகொழு என்று வளர்ந்து, முட்டையிட்டு, அடைகாத்து, தன் குஞ்சுகளுக்குத் தானே வியாதியைக் கொடுக்கிறது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்ற பழமொழியைச் சொன்னவர் இந்தக் கோழியைப் பார்க்கவில்லை!

ஆகவே, ஒரு பெட்டை ஒவ்வொரு ஈட்டிலும் பாதிக் குஞ்சை முதல் வாரத்திலேயே இப்படிப் பறிகொடுத்தால், குறையைக் குஞ்சில் தேடாதீர்கள், பெட்டையைச் சந்தேகியுங்கள். அதன் முட்டையைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். அடைக்கு வைக்கக் கூடாது. ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதனை மருந்துடன் கலந்தால், கிருமி சுமக்கும் கோழியின் இரத்தம் திரிதிரியாகத் திரண்டு காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் 1935-ல் இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் வகுத்து, இந்தச் சோதனையில் தேறாத கோழிகளைக் கழித்துக் கழித்து, பெரிய பண்ணைகளிலிருந்து வியாதியை ஏறக்குறைய விரட்டியேவிட்டார்கள்.

ராணிக்கெட்டுக்கு வருவோம். ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஓர் ஊசி. இவ்வளவுதான் அடிப்படைப் பாதுகாப்பு. அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். வருஷந்தோறும் கிராமங்களில் இதற்கென்று இருவார முகாம் நடத்துவதும் வழக்கமாக இருக்கிறது. மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. ஐஸில் வைத்து எடுத்துப் போகாவிட்டால் வெறும் தண்ணீர்தான். மின்சார வசதியும் குளிர்பெட்டியும் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1960-களில் கண்டெடுத்த சாதுவான ஒரு கிருமி வகையைக் கொண்டு, வெயிலைத் தாங்கும் தடுப்பு மருந்தைச் செய்து, 1980-களில் மலேசியக் கிராமங்களில் தீனியோடு கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரும் தீனியைப்போலவே கொத்தித் தின்னக்கூடிய குருணை மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். கொல்லைக் கோழியை விரட்டிப் பிடித்து மூக்கில் சொட்டு விட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சூடு குறைந்தால் குடல் கெடும்

சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு பச்சை, ரோஜா, ஊதா என்று சாயம் பூசிய குஞ்சுகளை விற்றுக்கொண்டு வருகிறவரை எல்லாரும் பார்த்திருக்கிறோம். குழந்தைகள் அடம் பிடித்து இரண்டு வாங்குகின்றன. மூன்றாம் நாள் அழுகின்றன. அவற்றில் பலவற்றுக்கு வியாதி என்று ஒன்றும் இருந்திருக்காது. குளிர்தான் வியாதி.

முதல் வாரத்தில் குஞ்சுக்குச் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க் கோழி இருந்தால் அதன் வயிற்றடியே போதும். தாய் இல்லாத குஞ்சுக்குப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு. தெர்மாமீட்டர் தேவையில்லை, குஞ்சுகளே தெர்மாமீட்டர். பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. மூலைக்கு ஒதுங்கி வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தும் கொத்தியும் இருந்தால் சரி.

சூடு கூடினாலும் குறைந்தாலும் எச்சம் பிசுபிசுத்துப் பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்து, வாசலையே அடைத்துவிடும். அடைபட்ட குஞ்சு வயிறு வீங்கிச் செத்துப்போகும். இதற்கு வைத்தியம் மிகவும் சுலபம். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒற்றி, ஊறவிட்டு, மெல்லத் துடைத்து எடுக்கவேண்டும். காய்ந்ததைப் பிய்த்தால் தோலும் கூட வந்துவிடும். பிறகு துடைத்து உலர்த்தி, கதகதப்பில் விடவேண்டும். தொப்புளில் ஒட்டியிருக்கும் காய்ந்த துணுக்கைச் சிலர் எச்சம் என்று நினைத்து இழுத்துவிடுகிறார்கள். அது ஆபத்து. எச்சத் துவாரம் வாலடியில் இருப்பது. தொப்புள் அதற்குக் கீழே வயிற்றில் இருப்பது.

இரத்தக் கழிச்சல்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பஞ்சாரத்தின் அடியெல்லாம் சொதசொத என்று ஆகும்போது, மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளுக்கு வருவது இரத்தக் கழிச்சல். காலையில் கூட்டைத் திறந்தால் வெற்றிலைப் பாக்குப் போட்டுத் துப்பினாற்போல் எச்சம் கிடக்கும். பார்த்ததும் திருஷ்டி, சூனியம் என்று பேச்சுக் கிளம்புவதும் உண்டு. சூனியக்காரனுக்குப் பெயர் உண்டு: 'எய்மீரியா'. ஒரே ஓர் உயிரணுவால் ஆன ஒட்டுண்ணி. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டைசர் என்பவர் 1929-ல் கோழியினத்தைத் தாக்கும் இந்த ஒட்டுண்ணிகளை வகை வகையாகப் பிரித்து விரிவாக எழுதினார்.

அதன் வேலைப்பாடு விசித்திரமானது. எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டைக்கு அன்றைக்கே விஷம் கிடையாது. ஈரமும் காற்றும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் அது பக்குவமடைகிறது. தரை காய்ந்திருந்தால் பக்குவமாகாமலே கெட்டுப்போகும். பக்குவமானதைக் குஞ்சு தீனியோடு கொத்துகிறது. அந்த முட்டையின் ஓடு மிகவும் கெட்டி. நாம் தெளிக்கும் சாதாரணக் கிருமிநாசினிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் குஞ்சின் அரைவைப் பை இருக்கிறதே, அந்தத் திருகை, ஓட்டை உடைத்துக் கொடுத்துவிடுகிறது! பிறகு ஜீரண நீரே உள்ளிருக்கும் சிசுக்களை விடுதலை செய்கிறது. அவை நேராக அந்த இரண்டு முட்டுக் குடல்களின் சுவருக்குள் புகுந்து, ஒன்று பலவாகி, பலவும் பல நூறாகி, ஐந்தாம் நாள் வாக்கில் சுவரைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றன. அன்றைக்குத்தான் இரத்தம் தெரிகிறது. ஐந்து, ஆறு நாட்களில் சாவு. ஏழாம் நாள் முதல் புதிய முட்டைகள் லட்சக்கணக்கில் எச்சத்தோடு தரையில் விழுகின்றன.

இதிலிருந்து நமக்கு வேண்டிய யுக்தி கிடைத்துவிடுகிறது. பக்குவமாக இரண்டு நாள் வேண்டும், ஈரம் வேண்டும். ஆகவே கூட்டின் எச்சத்தை அன்றன்றைக்கு அள்ளிவிட்டு, தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த நெல் உமியைப் பரப்பி, நனைந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், எதிரியின் பலத்தில் பெரும்பகுதி போய்விடும். தண்ணீர் வைக்கும் சட்டியைச் சுற்றித்தான் எப்போதும் சேறு. அகலச் சட்டியில் வைத்தால் குஞ்சு அதற்குள் நடந்து எச்சமிட்டு அதையே குடிக்கும். ஒரு தட்டில், வாய்விளிம்பில் சிறு துளையிட்ட டப்பாவில் நீர் நிரப்பிக் கவிழ்த்து வைத்தால், குடிக்கக் குடிக்க வந்துகொண்டிருக்கும். அதைச் செங்கல்லின்மேல் வைத்தால் இன்னும் நல்லது.

ஒட்டுண்ணியைச் சுத்தமாக ஒழிக்க முடியுமா? முடியாது, முயலவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிற குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடுகிறது. அதனால்தான் காய்ந்த தரையில் தாயோடு மேய்கிற குஞ்சு தப்புகிறது. ஈரப் பெட்டியில் முப்பது குஞ்சை நெருக்கி அடைத்தவருக்கு நஷ்டம் வருகிறது.

மருந்தும் இருக்கிறது. கந்தக மருந்துகள் 1940-களில் வந்தன. 1960-ஐ ஒட்டி 'ஆம்ப்ரோலியம்' வந்தது. இது வேலை செய்யும் விதம் ஒரு நல்ல தந்திரம். ஒட்டுண்ணி பெருகுவதற்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் வேண்டும். ஆம்ப்ரோலியம் பார்வைக்கு அந்த வைட்டமினைப்போலவே இருக்கும். ஆனால் அது அல்ல. ஒட்டுண்ணி ஏமாந்து அதை எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. சில வீடுகளில் இந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, குஞ்சு தெம்பாகட்டும் என்று அதே தண்ணீரில் பி வைட்டமின் சொட்டையும் விடுகிறார்கள். ஏமாற்றவும் செய்து, அசலையும் கையில் கொடுத்தால் எப்படி? மருந்து முடிந்த பிறகு வைட்டமின் கொடுப்பதே சரி. வியாதி கண்ட குஞ்சு தீனி எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கும். ஆதலால் மருந்தைத் தண்ணீரில்தான் கலக்கவேண்டும். அளவைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

தயமினைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அந்த வைட்டமின் உலகத்துக்குத் தெரியவந்ததே கோழியால்தான். 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜாவாவின் பட்டேவியா நகரில் ஐக்மான் என்ற டச்சு டாக்டரின் ஆராய்ச்சிக்கூடக் கோழிகள் காலிழுத்து விழுந்தன. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றுவந்த கோழிகள் அவை. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்து அரிசி சாதாரணக் கோழிக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன! 1929-ல் ஐக்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என்ன தின்கிறது?

ஆகவே மில் குருணையை மட்டும் போட்டு வளர்ப்பது குஞ்சுக்குப் போதாது. தவிடு, உடைத்த கம்பு, சோளம், கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு, நறுக்கிய கீரை எல்லாம் கலந்து வேண்டும். முழுத் தானியமும் கீரையும் கொடுக்க ஆரம்பித்தால் மணலும் கிடைக்கவேண்டும். திருகைக்குக் கல் இல்லாமல் அரைப்பது எப்படி? நீளமான புல்லையும் நாரையும் விழுங்கிய குஞ்சுக்குத் தீனிப்பை அடைத்துக்கொள்ளும். இரவில் நிறைந்திருந்த பை காலையில் காலியாக இருக்கவேண்டும். காலையிலும் உருண்டையாக, கெட்டியாக இருந்தால் அடைப்பு என்று தெரிந்துகொள்ளலாம். ஊறுகாய் மிச்சம், கருவாட்டுத் தலை இவற்றின் உப்பைக் குஞ்சு தாங்காது.

பிண்ணாக்கில் ஓர் எச்சரிக்கை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்ததில், தீனியில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்து, அந்தப் பூசணத்தில் ஒரு விஷம் உண்டாகியிருந்தது. 'அஃப்ளடாக்சின்' என்று இன்று பிரசித்தமாயிருக்கும் விஷம் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஈரலை அரித்துவிடும். பூசணம் பூத்த பிண்ணாக்கை மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாது என்று ஒதுக்கி, "கோழிக்குப் போடு" என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் வார்த்தை. கோழிக்குத்தான் முதலில் ஆகாது.

நல்ல தீனி ஒன்றை நம் கிராமத்தார் காசில்லாமல் செய்துகொள்கிறார்கள். உடைந்த பானைக்குள் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத் துண்டும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் தூக்கினால் கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகள் அதன்மேல் பாயும் வேகத்தைப் பார்க்கவேண்டும்! புரதச் சத்துக்கு அதைவிடச் சிறந்த மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. மண்ணில் மேயும் குஞ்சுக்குக் குடல் புழுவும் வரத்தான் செய்யும். இரண்டு மாத வாக்கில் டாக்டரிடம் புழு மருந்து கேட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

தாயின் சொத்து

தாய்க் கோழி குப்பையைச் சீய்த்து, தான் மிதித்த இடத்திலேயே குஞ்சைக் கொத்தவைக்கிறதே, அது அசுத்தம் அல்லவா என்று படித்தவர்கள் கேட்கக்கூடும். பின்லாந்து தேசத்தில் 1971-ல் பண்ணைக் கோழிகளிடையே சால்மொனெல்லா பரவியபோது, நுர்மி என்ற விஞ்ஞானி இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார். மெஷினில் பொரித்த குஞ்சு தாயையே பார்ப்பதில்லை. அதன் குடல் காலி மனையாகக் கிடக்கிறது. அதனால்தான் கெட்ட கிருமி குடியேறுகிறதோ? ஆரோக்கியமான பெரிய கோழியின் குடலில் இருந்த கிருமிகளை எடுத்து ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்குச் சால்மொனெல்லா எளிதில் பிடிக்கவில்லை. நல்ல கிருமிகள் முன்னதாகவே இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன! 1973-ல் அவரும் ரன்டாலா என்பவரும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான தாய் குஞ்சுக்கு விட்டுப்போகும் சொத்து இது. வியாதி சுமக்கும் தாய் விட்டுப்போவதை முன்பே பார்த்தோம்.

கை வைத்தியம் பற்றி இரண்டு வார்த்தை. கழிச்சலுக்குச் சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்து உருட்டிக் கொடுப்பது நம் வழக்கம். அஜீரணத்துக்கும் லேசான கழிச்சலுக்கும் கொடுப்பதில் தவறில்லை. குஞ்சு நாலு வாய் தீனி எடுக்கத் தூண்டினாலே லாபம்தான். ராணிக்கெட்டை அது நிறுத்தாது. பஞ்சாரமெல்லாம் இரத்தமாயிருக்கும் இரத்தக் கழிச்சலையும் நிறுத்தாது. நீராகக் கழியும் குஞ்சுக்கு வேறெதையும்விட முதலில் வேண்டியது, வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த நீர்.

அதைக் காட்டிலும் கவலை தருவது, மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரையை அரை, கால் என்று உடைத்துக் கரைத்து ஊற்றுவது. ராணிக்கெட் வைரஸுக்கு அந்த மாத்திரையால் ஒன்றும் ஆகாது. குஞ்சின் குடலிலிருக்கும் நல்ல கிருமிகள் சாகும். பிழைத்த கெட்ட கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகி, பிறகு நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வந்தால் டாக்டர் கையில் மருந்து இருக்காது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் 'கொலிஸ்டின்' என்ற மருந்தைக் கோழிக்கும் பிற உணவுப் பிராணிகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய சர்க்கார் தடை விதித்தது இந்த அச்சத்தால்தான். குஞ்சைக் கையில் வைத்து விளையாடிய பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் உட்காரக் கூடாது. குஞ்சுக்கு முத்தம் கொடுப்பதையும் தடுக்கத்தான் வேண்டும்.

எந்த வியாதி என்று தெரியாமல் வைத்தியம் செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. செத்த குஞ்சைக் குப்பைமேட்டில் எறிந்தால் மற்றக் கோழிகள் போய்ச் சீய்க்கும். நாய் இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றும். அதற்குப் பதில், செத்துச் சில மணி நேரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கிடைத்தால் கொஞ்சம் ஐஸும் வைத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். டாக்டர் அறுத்துப் பார்ப்பார். முட்டுக் குடல்கள் இரண்டும் இரத்தம் நிறைந்து தடித்திருந்தால் இரத்தக் கழிச்சல். சிறிய இரைப்பையின் உட்புறச் சுரப்பிகளின் நுனியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் ராணிக்கெட் என்று சந்தேகிப்பார். சிறு குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு கரையாமல் அப்படியே கெட்டிருந்தால் பாக்டீரியாவின் வேலையோ என்று பார்த்து, தாய்க் கோழி எது என்று விசாரிப்பார். இதற்கெல்லாம் பத்து நிமிஷம் ஆகலாம். பார்த்து முடிந்ததும் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டு, மீதிக் குஞ்சுகளுக்கு என்ன செய்வது என்று அங்கேயே கேட்டுக்கொண்டு வரலாம்.